தங்கபுஷ்பத்தின் சின்னவன்

தோசைக்கல்லில் நாலு பிளக்குகள் காய்ந்துகொண்டிருக்கின்றன. தங்கபுஷ்பம் அவற்றைத் தோசைத் திருப்பியால் பணியாரம்போல் புரட்டிப் போடுகிறாள். ஒன்றை இடுக்கியால் தூக்கிக் கன்னத்தருகே கொண்டுபோய்ச் சூடு பார்க்கிறாள். போதாது. மறுபடியும் கல்லில் விழுகிறது.

"மொறுமொறுன்னு ஆவணும். கொஞ்சம் ஈரம் இருந்தாலும் அவன் எந்திரிக்க மாட்டாம்" என்கிறாள்.

அவன் என்பது டிராக்டர்; கல்லில் காய்பவை அவன் எஞ்சினில் பொறி தட்டும் பிளக்குகள். அடையாற்றங்கரையை ஒட்டிய சந்தில், அவள் வீட்டுக் கொட்டகையில் நிற்கிறான். பட்டாளத்தில் இருந்த காலத்தில் ஆகாய விமானங்களை மைதானத்தில் இழுத்துக்கொண்டு திரிந்த சின்ன அமெரிக்க வண்டி. கன்றுக்குட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு, காளை மாட்டைவிடக் கொஞ்சம் சிறிசு. தங்கபுஷ்பத்துக்குப் பெரியவன் தூத்துக்குடியில் உப்பு வியாபாரம் பார்க்கிறான். நடுவுள்ளவளைச் சாத்தான்குளத்தில் கட்டிக்கொடுத்தாயிற்று. யாராவது "சின்னவன் என்ன பண்றான்?" என்று கேட்டால் கொட்டகைப் பக்கம் கையைக் காட்டுவாள்.

ஒருநாள் அய்யாதுரையின் தோசையில் மண்ணெண்ணெய் வாசம் வந்தது. பாண்டி பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் பெரிய மனிதர், தட்டைத் தள்ளிவிட்டு மனைவியைப் பார்த்தார்.

"வாசந்தானேங்க? வயித்துல பூச்சி கீச்சி இருந்தா சாவட்டும்" என்றாள் அவள். மறுநாள் பிளக்குக்கென்று தனியாக ஒரு பழங்கல் வாங்கினாள். ஆனாலும் அவசரத்தில் எந்தக் கல் எது என்று அவளுக்கே மறந்துபோகும்.

மார்கழி வந்துவிட்டால் அந்த வீட்டில் முதல் வெந்நீர் சின்னவனுக்குத்தான். பித்தளை அண்டா கொதித்ததும் சொம்பு சொம்பாக மொண்டு ரேடியேட்டரில் ஊற்றுவாள். அப்புறம் அடுப்பேறும் தண்ணீரில்தான் அய்யாதுரை குளிக்கவேண்டும்.

"ஏளா, நான் அந்த இரும்புக்கும் கீழயா?"

"ஒங்களுக்குக் குளுந்தாத் தும்முவீய. அம்புட்டுத்தாம். அவனுக்குக் குளுந்தா உழவு நின்னுபோவும்லா?"

பெட்ரோலில் கிளம்பி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாறும் வண்டி அது. எஞ்சின் நன்றாகச் சுடவில்லையென்றால் மண்ணெண்ணெய் சரியாக எரியாது. வெள்ளை வெள்ளையாகப் புகை கக்கும். அதனால் குளிர்காலத்தில் ரேடியேட்டரின் முகத்துக்குக் கோணி மறைப்புப் போட்டு, அதன்மேல் அய்யாதுரையின் கம்பளி மப்ளரைச் சுற்றி முடிச்சிடுவாள். சென்னைப்பட்டினத்துப் பனிக்குப் பயந்து மனிதர்கள் எல்லாரும் மப்ளர் கட்டும்போது சின்னவன் மட்டும் ஏன் கட்டக்கூடாது என்பது அவள் கேள்வி. அப்படியும் புகைவான். சந்துக்காரர்கள் இருமிக்கொண்டே, "இந்த வீட்டில மார்கழி பூரா போகிப் பண்டிகைதான்" என்பார்கள்.

கிளப்புவதற்கு முன்னால் சடங்குகள் உண்டு. எண்ணெய்க் கோலை உருவி, மருமகள் வைத்த குழம்பை மாமியார் மோந்து பார்ப்பதுபோல் மூக்கைச் சுளித்து மோந்து பார்ப்பாள். மண்ணெண்ணெய் இறங்கி எண்ணெய் நீர்த்துப் போயிருந்தால் பழசை வடித்துவிட்டுப் புதிசு ஊற்றுவாள். பிளக்குகளுக்கு மின்சாரம் அனுப்பும் மாக்னெட்டோவைப் பழைய மல்துணியால் ஒற்றி ஒற்றித் துடைப்பாள். முன்சக்கரக் கணுக்களுக்கெல்லாம் கிரீஸ் ஏற்றுவாள். கண்டாங்கிச் சேலையைக் கெண்டைக்கால் தெரிய ஏற்றிச் செருகி, மேலே கணவரின் பழைய காக்கிச் சட்டையைப் போட்டிருப்பாள். மற்றப் பெண்கள் சுருக்குப்பை செருகும் இடுப்பில் அவளுக்கு ஒரு குறடு இருக்கும். கொண்டையில் கனகாம்பரம் தவறாது.

பிறகு முன்னால் போய்க் கைப்பிடியை மாட்டி ஓங்கிச் சுழற்றுவாள். கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்தே வைப்பாள்; சுற்றி வளைத்துப் பிடித்தால் எஞ்சின் எதிர்த்து உதைக்கும்போது விரல் போய்விடும். ஒரு சுழற்று. ரெண்டு சுழற்று. "எந்திரிலே ராசா, விடிஞ்சுபோச்சு!" டுப் என்று ஒரு தும்மல் கேட்கும். அப்புறம் டுப்டுப்டுப் என்று கொட்டகையே ஆடும். தங்கபுஷ்பமும் ஆடுவாள். ஐம்பதை நெருங்கும் பெண்பிள்ளை, கைதட்டிக்கொண்டு, கொட்டகைக்கும் கிணற்றுக்குமாக ஒரு சுற்றுக் குதித்துவிட்டு வந்துதான் ஆசனத்தில் ஏறுவாள். தினமும் கிளம்புகிற வண்டிதான். ஆனால் தினமும் அவளுக்கு அது அதிசயம்.

வண்டி அந்த வீட்டுக்கு வந்ததே ஒரு தவறுதலால். போர் முடிந்ததும் பரங்கிமலைப் பக்கம் பட்டாளத்துச் சாமான்களை ஏலம் போட்டார்கள். அய்யாதுரை காக்கித் துணி எடுக்கப் போனார். கூட்டத்தில் எதிர்ப்பக்கம் நின்ற சைக்கிள் கடை அப்துல் வஹீதைக் கண்டதும் "வாரும் பாய்!" என்று கையை உயர்த்தினார். ஏலக்காரன் சுத்தியலைத் தட்டிவிட்டான். துணி எடுக்கப் போனவர் டிராக்டருக்குச் சொந்தக்காரராக வீட்டுக்கு வந்து, வாசலில் உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டார். தங்கபுஷ்பம் வண்டியை மூன்று தரம் சுற்றிவந்தாள். ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிச் சலித்துப்போய், திருவான்மியூருக்குத் தெற்கே பாலவாக்கம் போகிற வழியில் குத்தகைக்கு நிலம் பிடிக்கவைத்தவளே அவள்தான். "சாமியே பாத்து அனுப்பியிருக்குங்க" என்றாள். அந்த வாரமே அப்துல் வஹீதின் கடைக்குப் போய், இவனை எப்படி எழுப்புவது என்று கேட்டுக்கொண்டு வந்துவிட்டாள். முதல் நாள் கொட்டகையின் பின்சுவர் விழுந்தது. இரண்டாம் நாள் கொட்டகையைவிட்டு வெளியே வந்தாள்.

மழைக்காலம் ஓய்ந்து ஈரம் காயாமல் இருக்கும் மார்கழி, தை மாதங்களில்தான் சின்னவனுக்கு வேலை அதிகம். வேர்க்கடலைக்கு உழவேண்டும். அறுத்த சம்பாக் கதிர்களைக் களத்தில் பரப்பி, அதன்மேல் வட்டம் வட்டமாக ஓடிப் பிணையடிக்கவேண்டும். எரு ஏற்றவேண்டும். சேற்றில் புதைந்த மாட்டுவண்டிகளை இழுத்துவிடவேண்டும். ஊரூர்க் குப்பத்தில் கட்டுமரம் கரையேற மறுத்தால் "அம்மா, சின்னவரை இட்டாறியா?" என்று ஆள் வரும். தங்கபுஷ்பம் பாதிச் சோற்றில் எழுந்து போவாள்.

கார்த்திகை கடைசியில் கைப்பிடி எதிர்த்து உதைத்து அவள் மணிக்கட்டு பூசணிப்பிஞ்சுபோல் வீங்கியது. அவள் சிரித்தாள். அய்யாதுரைக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்குக் கடைக்குத் திரைத்துணி வாங்க வந்த வெள்ளைத்துரையிடம், டிராக்டரை விற்கப்போவதாகச் சொல்லிவிட்டார். வெள்ளைத்துரை கோடம்பாக்கத்தில் ஒரு ஸ்டூடியோவில் சாமான்களைப் பார்த்துக்கொள்பவர். சக்கரம் வைத்த அட்டை மலை ஒன்றைப் படத்துக்காக இழுக்கவேண்டியிருந்தது. அதற்கு இதைப்போன்ற வண்டியைத்தான் தேடிக்கொண்டிருந்தார். பேச்சு முடிந்துவிட்டது.

விஷயத்தைக் கேட்டபோது தங்கபுஷ்பம் கிரீஸ் கையோடு நின்றாள்.

"மலையா? அட்டை மலையவா இழுக்கப்போறான் எம்புள்ள?"

"வாக்குக் குடுத்துட்டேன் தங்கம்."

"குடுத்தாச்சுன்னா குடுத்ததுதாம்" என்றாள். ஓயாமல் பேசும் வீடு ஒரு வாரம் ஊமையாக இருந்தது. அய்யாதுரைக்கு முதல் வெந்நீர் கிடைத்தது. அவருக்கு அது உடம்பில் ஒட்டவில்லை.

வண்டியைக் கொண்டுபோவதாகச் சொன்ன நாளுக்கு முந்தின இரவு மார்கழியில் பெய்யக்கூடாத மழை பெய்தது. காலையில் ஆறு சந்துக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. தங்கபுஷ்பம், போகிற பிள்ளையைக் குளிரில் அனுப்பக்கூடாதென்று வெந்நீர் ஊற்றி, பிளக்குகளை வறுத்து மாட்டி, மப்ளரையும் கட்டி முடித்தாள். அப்போது கால்சட்டையை முழங்காலுக்குமேல் சுருட்டிக்கொண்டு, மேலே கோட்டும் டையுமாக, பக்கத்து வீட்டுப் பவுல்சாமி வாத்தியார் தண்ணீரில் சளப் சளப்பென்று ஓடிவந்தார். அன்றைக்கு அவர் மகள் நோராவுக்குச் சாந்தோம் கோயிலில் கல்யாணம்.

"அம்மா, மோசம் போயிட்டோம்! பொண்ணைக் கூட்டிட்டுப் போக வந்த டாக்ஸி சந்து முனையில புதைஞ்சுபோச்சு. அச்சு முறிஞ்சுடுச்சுன்னு சொல்றான். நேரத்துக்கு வரலைன்னா அடுத்த கல்யாணத்தை ஏத்திடுவேன்னு சாமியார் சொல்லியிருக்கார். இன்னைக்கு விட்டா மாப்பிள்ளை பம்பாய்க்குப் போயிடுவார்!"

"நோரா எங்க?"

"கவுனைப் போட்டுக்கிட்டு நாற்காலிமேல நிக்கிறா. வீட்டுக்குள்ள கணுக்கால் தண்ணி."

தங்கபுஷ்பம் கணவரைப் பார்த்தாள். வாக்குப்படி அன்று காலையிலிருந்து வண்டி வேறொருவருடையது. அந்த வேறொருவரும் அதே நேரத்தில், பூட்சைக் கையில் பிடித்துக்கொண்டு, இடுப்புவரை சேற்றோடு வாசலில் வந்து நின்றார்.

"இன்னா நைனா, இது தெருவா, கெணறா? டாக்ஸிய ஒதுங்கிப் போலாம்னு பாத்தேன். நம்ப காரும் முங்கிக்கினு கீது!"

"வெள்ளைத்துரை, வண்டிய இன்னும் ஒம்ம கையில குடுக்கல. கல்யாணம் முடியட்டும், குடுக்கேன்" என்றாள் தங்கபுஷ்பம்.

"கல்யாணமா? யாருக்கு?"

"ஒமக்கு இல்ல. சும்மா நிக்காம வாரும். பொண்ணு தூக்கணும்."

"பொண்ணு தூக்கணுமா!" வெள்ளைத்துரையின் கையிலிருந்து பூட்ஸ் நழுவித் தண்ணீரில் விழுந்தது.

சின்னவனின் பின்னால் மாட்டும் இருசக்கரத் தொட்டி வண்டி கொட்டகையில் இருந்தது. முந்தின நாள் அதில்தான் எரு ஏற்றியிருந்தாள். கழுவினாலும் வாசம் போகுமா? தங்கபுஷ்பம் தென்னந்துடைப்பத்தோடு அதில் ஏறி நின்று விழித்துக்கொண்டிருந்தபோது, அய்யாதுரை வீட்டுக்குள்ளிருந்து மூச்சிரைக்க வந்தார். இரண்டு தோளிலும் வெள்ளை மல் பீஸ்கள். பொங்கலுக்கு வந்து இறங்கிய புதுச் சரக்கு. கடைக் கோலில் அரை விரற்கடை கூடிவிட்டாலும் துணியைத் திரும்ப இழுத்துக்கொள்ளும் மனிதர், முனையைப் பிடித்து உதறினார். எருத் தொட்டியின் அடியிலிருந்து விளிம்புவரை வெள்ளை பரந்தது.

"என்னங்க, பொங்கச் சரக்குல்லா!"

"கெடக்கு. அந்த மூலைய இழுத்துப் புடி."

ஒரே சுழற்றில் சின்னவன் எழுந்தான். குதித்து ஆடத் தங்கபுஷ்பத்துக்கு அன்று நேரமில்லை. நேரே நோராவின் வாசலுக்கு விட்டாள். வெள்ளைத்துரையும் வாத்தியாரும் நாற்காலியோடு பெண்ணைத் தூக்கி வந்து தொட்டியில் வைத்தார்கள். கான்வென்டில் கணக்கு டீச்சராக இருந்த நோரா, அழுது முடித்த கண்ணோடு, "அக்கா, இதிலயா!" என்று ஒரு கத்துக் கத்தினாள். அடுத்த கணம் சிரிக்க ஆரம்பித்தாள். அவள் அம்மா ஃப்ளோரன்ஸ் ஜெபமாலையை வாயில் கவ்விக்கொண்டு, கவுனை இரண்டு கையாலும் சுருட்டிப் பிடித்தாள். தரையில் புரளும் அந்த நீள முக்காட்டை யார் பிடிப்பது? "இதெல்லாம் நம்ப வேலை, வுடுங்கோ" என்று வெள்ளைத்துரை வாங்கிக்கொண்டு தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார்.

புதைந்து கிடந்த இரண்டு கார்களையும் சுற்றி ஓரமாக இறங்கியபோது சின்னவனின் பின்சக்கரங்கள் ஒரே இடத்தில் சுழன்றன. சேறு பனைமர உயரத்துக்குப் பறந்தது. நோராவின் வெள்ளைக் கவுன்மேல் விழுமுன் வெள்ளைத்துரை குறுக்கே பாய்ந்து அதைத் தன் முகத்தில் வாங்கிக்கொண்டார்.

"கனம் பத்தல! எல்லாரும் முன்னால வாங்க!" என்று தங்கபுஷ்பம் கத்தினாள். பிறகு தொட்டியின் கடைசியில் குடையோடு நின்ற கணவரைத் திரும்பிப் பார்த்தாள். தொந்தியும் தொப்பையுமாக நல்ல கனமான உடம்பு. "நீங்க அங்கன என்ன செய்யுதீய? அவ்வளவு கனமும் வீணாப் போவுது. இந்தச் சக்கரத்து மூடிமேல வந்து உக்காருங்க!"

அய்யாதுரை கண்ணை மூடிக்கொண்டு ஏறினார். அவர் உட்கார்ந்ததுதான் தாமதம், சக்கரம் தரையைக் கவ்வியது. சின்னவன் ஒரு முக்கு முக்கி, உறுமி, சந்தைவிட்டுத் தாவி வெளியே வந்தான்.

தொட்டியில் ஒரே கூச்சல். அடையாற்றுப் பாலத்தில் பால்காரர்கள் சைக்கிளைவிட்டு இறங்கி நின்றார்கள். ஜட்காக் குதிரை ஒன்று பின்னங்காலில் எழுந்தது. சாந்தோம் ரோட்டில் போலீஸ்காரர் நிறுத்தச் சொல்லிக் கையை நீட்டினார். எருத் தொட்டியில், வெள்ளை மல்லுக்கு நடுவே, நாற்காலியில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரிக்கும் மணப்பெண்ணைப் பார்த்ததும் நீட்டிய கை தானாகவே நெற்றிக்குப் போய் சல்யூட் அடித்தது. "லைட்டு ஷோக்கா கீதே, ஒரு காமிரா இல்லியே!" என்று முக்காட்டைப் பிடித்தபடி வெள்ளைத்துரை புலம்பினார். தங்கபுஷ்பத்துக்குக் கொண்டை அவிழ்ந்துவிட்டது. காது நிறையக் காற்று. இன்றோடு இவன் போகிறான் என்ற நினைப்பு இடையிடையே நெஞ்சைக் குத்தியது. குத்தும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் வேகமாக விட்டாள்.

கோயில் படியில் மாப்பிள்ளை வில்லியம் கைக்குட்டையைப் பிழிந்துகொண்டு நின்றிருந்தார். டிராக்டரைக் கண்டதும் வாயைப் பிளந்தார். பிறகு ஓடிவந்து பெண்ணை நாற்காலியிலிருந்து அவரே தூக்கி இறக்கினார். சாமியார் கடிகாரத்தைப் பார்த்தார். உள்ளே போனார். மணி அடித்தது. தங்கபுஷ்பம் சேற்றுக் காலோடு கடைசி வரிசையில் நின்று, எல்லாரும் முழங்காலிட்டபோது தானும் முழங்காலிட்டாள். எழுந்தபோது தானும் எழுந்தாள்.

கல்யாணம் முடிந்து, தோட்டத்தில் கேக் கொடுத்தார்கள். வெள்ளைத்துரை ஒரு துண்டை விழுங்கிவிட்டு வந்தார். "சரிம்மா, கண்ணாலம் ஆச்சு. நான் எடுத்துக்கினு போறேன்."

தங்கபுஷ்பம் கைப்பிடியை நீட்டினாள். "கட்டவிரல மடக்கிப் புடிக்காதேயும்" என்று சொல்லிவிட்டு, மப்ளர் முடிச்சை இன்னொரு தரம் இறுக்கினாள்.

வெள்ளைத்துரை சுழற்றினார். சத்தமில்லை. மறுபடி சுழற்றினார். மாப்பிள்ளையின் தோழர்கள் கோட்டைக் கழற்றிவிட்டு ஆளுக்கொரு கை பார்த்தார்கள். சின்னவன் ஒரு தும்மல்கூடத் தும்மவில்லை. தங்கபுஷ்பம் பதறிப்போய் முன்னால் வந்தாள். அய்யாதுரை அவள் முழங்கையைப் பிடித்தார். "சும்மா இரு. அவுக வண்டி, அவுக பாடு."

வெள்ளைத்துரை வியர்வையைத் துடைத்தார். "காமிரா முன்னால இப்டி மொண்டி பண்ணிச்சின்னா டைரக்டர் என்னியத் துன்னுடுவாரு. வாணாம் நைனா. மலைய மாடே இஸ்த்துக்கட்டும். நம்ப பேச்சு கேன்சல், இன்னா?"

"நீங்க சொன்னாச் சரிதாம்" என்றார் அய்யாதுரை, வாடிய முகத்தோடு. வெள்ளைத்துரை அடுத்த துண்டுக் கேக்கைத் தேடிப் போனார்.

தங்கபுஷ்பம் எஞ்சின்மேல் குனிந்தாள். மாக்னெட்டோவின் நடு ஒயர் அதன் குழியில் இல்லை. அது தானாகக் கழன்று தொங்கவும் இல்லை. கடையில் பீஸை மடித்து முனையை உள்ளே செருகி வைப்பார்களே, அதைப்போலச் சுருக்கமில்லாமல் மடித்து, பக்கத்துக் குழாய்க்கு அடியில் நேர்த்தியாகச் செருகப்பட்டிருந்தது. அவள் மெதுவாக நிமிர்ந்து கணவரைப் பார்த்தாள். அவர் கோயில் கோபுரத்தைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளை ஜிப்பாவின் நுனியில் விரல் துடைத்த கிரீஸ்.

அவள் ஒயரை அழுத்திப் பொருத்தினாள். ஒரே ஒரு சுழற்று. டுப்டுப்டுப் என்று தோட்டம் அதிர்ந்தது.

வாய் நிறையக் கேக்கோடு வெள்ளைத்துரை திரும்பினார். வண்டியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அய்யாதுரையின் ஜிப்பாவைப் பார்த்தார். "அடப்பாவி நைனா!" என்று தொடங்கியவருக்குச் சிரிப்பு வந்து புரையேறிவிட்டது.

"ஒம்ம மலை எங்கன இருக்குன்னு ஆள் சொல்லி அனுப்பும்!" என்று தங்கபுஷ்பம் ஆசனத்திலிருந்து கத்தினாள். "சோடிச்சு நானே கூட்டியாந்து இழுத்துத் தாரேன். வாரும் இப்ப, ஒம்ம காரயும் சேத்துலேருந்து புடுங்கிவிடுதேன்!"

வெள்ளைத்துரை தொட்டியில் ஏறினார். அய்யாதுரை யாரும் சொல்லாமலே சக்கரத்து மூடிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். பாலத்துக்கு வந்தபோது எதிரே ஒரு பஸ் நடுப்பாதையில் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. அடித்துக்கொண்டே வந்தது, ஒதுங்குவதாக இல்லை. சின்னவனுக்கு ஹாரன் கிடையாது. தங்கபுஷ்பம் ஒரு கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து உதட்டருகே குவித்தாள். தலையைப் பின்னால் சாய்த்து, நாக்கைச் சுழற்றி, ஆற்றின் இரண்டு கரைக்கும் கேட்கும்படி ஒரு குலவை போட்டாள்.